பாலிஷ் போட்ட முன்னோர்கள்

துரைசாமி மூக்கிலிருந்துதான் துடைக்க ஆரம்பிப்பார். பழைய பனியன் துணியை நாலாக மடித்து விரலில் சுற்றிக்கொண்டு, முழ நீள மூக்கின் நுனியிலிருந்து நெற்றி வரைக்கும் ஒரே இழுப்பு. பிறகு கன்னம், தாடை, காதுமடல். சோழி பதித்த கண்களுக்கு வந்தால் மட்டும் துணியை விட்டுவிட்டுக் கட்டைவிரலால் தேய்ப்பார். ஒரு முகம் முடிந்ததும் ஓரடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். ஜன்னல் கம்பி அதன் நெற்றியில் தெரிந்தால் அடுத்த முகம். தெரியாவிட்டால் மறுபடியும் மூக்கு.

ராணிப்பேட்டையில் துரைசாமியின் வீட்டுக் கூடத்தில் இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட முகங்கள் இருக்கின்றன. சுவரில் தொங்குகிறவை, மூலையில் நிற்கிறவை, ஆள் உயரக் கேடயத்திலிருந்து முறைக்கிறவை. எல்லாம் பப்புவா நியூ கினியில், செபிக் ஆற்றங்கரைக் கிராமங்களில் செதுக்கியவை. அந்த ஊர்க்காரர்களுக்கு அவை செத்துப்போன பாட்டன் முப்பாட்டன்கள். நம்மூர் தபால்காரருக்குப் பேய் பொம்மைகள். வீட்டை ஆசீர்வதிக்க வந்த பங்குச்சாமியார் மற்ற அறைகளில் நாலு சொட்டுத் தெளித்துவிட்டு, கூடத்துக்கு வந்ததும் தீர்த்தச் செம்பையே கவிழ்த்துவிட்டுப் போனாராம். துரைசாமியின் மனைவி சவுரியம்மாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

தோல் பதனிடும் ஷாப்பில் மெருகு போடும் ஃபினிஷிங் மேஸ்திரியாக இருந்த மனுஷனுக்கும் செபிக் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம்? முதலைதான் சம்பந்தம். அந்த ஆற்றில் முதலை ஜாஸ்தி. எண்பதுகளில் அங்கே தோல் வாங்கிய கம்பெனி ஒன்றுக்கு, தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்க ஆள் வேண்டியிருந்தது. ஆடு மாடு பார்த்துப் பழகிய கை, முதலைக்குப் பழக எத்தனை நாள் ஆகும்? படகில் கிராமம் கிராமமாகப் போவார்கள். ஊர்க்காரர்கள் உப்புப் போட்டுச் சுருட்டிய தோலோடு செதுக்கிய முகங்களையும் கொண்டுவந்து கரையில் பரப்புவார்கள். கூட வேலை செய்தவர்கள் சம்பளத்தைக் குடித்துத் தீர்த்தார்கள். இவர் முகம் வாங்கித் தீர்த்தார்.

"ஏன் வாங்கனீங்க?" என்று யாராவது கேட்டால் அவருக்குப் பெரிதாகச் சொல்லத் தெரியாது.

"அது என்னப் பார்த்துச்சு. வாங்கிட்டேன்" என்பார்.

மதராஸ் துறைமுகத்தில் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி அரண்டுபோய், "இன்னாய்யா இது, சாமியா பிசாசா?" என்று கேட்டதும், "தெரியல சார், எதுக்கு டூட்டி கம்மியோ அதைப் போட்டுக்கங்க" என்று இவர் சொன்னதும் தெருவுக்கே தெரிந்த கதை.

அந்தக் கதைக்கெல்லாம் இப்போது யாரும் சிரிப்பதில்லை. போன கோடையில் துரைசாமிக்கு நெஞ்சுவலி வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், இனிமேல் இரண்டு பேரும் தனியாக இருக்கக்கூடாது என்று மகன் கோபி ஒரே பிடியாக நின்றான். வீட்டுக்கு விலை பேசி முடித்தாயிற்று. மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்க வேண்டும். கோபியின் சென்னை வீடு மூன்றாம் மாடியில் இரண்டே அறை. "நீங்க வாங்கப்பா, அம்மா வரட்டும். அவங்க வேணாம்" என்று கூடத்தைக் கைகாட்டிச் சொல்லிவிட்டான்.

பேச்சு காதில் விழுந்து விறகுக்கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். ஆள் உயரக் கேடயத்தை விரலால் தட்டினார். "நல்லா காஞ்ச கட்ட சார். நின்னு எரியும்" என்றார். துரைசாமிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஷாப்பில் கூட வேலை செய்த தோஸ்த் வக்கார் அகமதுதான் வழி கண்டுபிடித்தார். முகங்களைத் தன் செல்போனில் படம் எடுத்து, பேரனை விட்டுச் சென்னைப் பக்கத்துத் தனியார் அருங்காட்சியகம் ஒன்றுக்கு அனுப்பவைத்தார். நான்கே நாளில் போன். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், நேரில் வருகிறோம் என்றார்கள். துரைசாமிக்குத் தலைகால் புரியவில்லை. பணம் காசு வேண்டாம், எல்லாரையும் ஒரே இடத்தில் வைத்தால் போதும் என்றார். "எல்லாத்தையும்" என்று அவர் சொன்னதே இல்லை, "எல்லாரையும்"தான்.

வந்தவள் பூர்ணிமா. பக்கத்துத் திமிரி ஊர்ப் பெண், படித்து இந்த வேலைக்குப் போனவள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, "நம்ம ஊர்ப் பக்கம் இப்படி ஒரு வீடு இருக்குன்னு தெரியாமப் போச்சே சார்" என்று வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தாள். பையிலிருந்து நீல நிறக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"கிளவுஸ் எதுக்கும்மா? நான் டெய்லி தொட்டுனுதானே இருக்கேன்" என்று துரைசாமி சிரித்தார்.

அவள் முதல் முகத்தை எடுத்தாள். டார்ச் அடித்தாள். வெளிச்சம் அந்த நெற்றியில் பட்டு அவள் கண்ணிலேயே திரும்பி அடித்தது. அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். பிறகு கேடயத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. சரக்கைப் பார்த்து அசந்துவிட்டாள் என்று துரைசாமி பக்கத்தில் நின்ற வக்காருக்குக் கண்ணைக் காட்டினார்.

"சார், இதுக்கு மேல என்ன போட்டிருக்கீங்க?"

அடடா, இந்தக் கேள்விக்குத்தான் மனுஷன் இத்தனை வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஊருக்கு வந்து கொஞ்ச நாள்ல இதுங்கள்ல உளு வுழுந்துடுச்சும்மா. கட்டைய அரிச்சி, காலைல எழுந்தா தரை பூரா மாவு. ஐயோ, எனக்கு உசுரே போய்டுச்சு. வுட்டா ஒண்ணும் மிஞ்சாது. எனக்குத் தெரிஞ்சது ஒரே வேலைதானே? ஒரு ஞாயித்துக்கிழம எல்லாரையும் வண்டில ஏத்தினு ஷாப்புக்குப் போய்ட்டோம். தின்னர் போட்டு சுத்தமா தொடச்சி, ஓட்டய அடச்சி, ஸ்பிரே கன்ல லேக்கர். மூணு கோட்!"

"எக்ஸ்போர்ட் ஷூவுக்குப் போடற மால் மேடம்" என்றார் வக்கார். "சும்மா இல்ல. என் கையால கலக்கனது."

"அன்னிக்கு நின்னது உளு. இன்னிக்கு வரைக்கும் ஒரு பொடி வுழல" என்று துரைசாமி கேடயத்தைத் தட்டிக் காட்டினார். பொய்யில்லை. ஒரு பொடி விழவில்லைதான்.

பூர்ணிமா பஞ்சுக் குச்சியை எதிலோ தோய்த்து, ஒரு முகத்தின் காதுக்குப் பின்னால் வட்டமாகத் தேய்த்தாள். பளபளப்பு கரைந்து பஞ்சில் ஒட்டியது. அடியில் வெறும் கட்டை. இன்னொரு முகத்தில் தேய்த்தாள், அங்கேயும் கட்டை. "பழைய போட்டோ ஏதாவது இருக்கா சார்?" என்றாள்.

இருந்தது. ஆற்றங்கரையில் படகுக்குப் பக்கத்தில், மீசையோடு நிற்கிற துரைசாமி. காலடியில் இதே முகங்கள். செம்மண், சுண்ணாம்பு, கரி என்று கன்னத்தில் சுழிசுழியாக வரைந்திருந்தது. தாடையில் பறவை இறகு, நார்க் குஞ்சம். அந்தப் போட்டோவை அவள் பார்த்த நேரத்தில் பாதி நேரம்கூட சுவரில் இருந்தவற்றைப் பார்க்கவில்லை. துரைசாமி அதைக் கவனித்துவிட்டார்.

"இன்னாம்மா?"

"சார்... லேக்கரை எடுத்துடலாம். எங்ககிட்ட அதுக்கு ஆள் இருக்காங்க. ஆனா அதுக்கு அடியில ஏதாவது இருக்கணுமே."

"கட்டை நல்லா இருக்குதேம்மா?"

"கட்டை நல்லாத்தான் இருக்கு. அவங்க தங்களோட ஆளுங்க முகத்தை அந்த மண்ணுல, கரியிலதான் எழுதியிருந்தாங்க. யார் பாட்டன், எந்தக் குடும்பம்னு அந்தச் சுழியை வெச்சுத்தான் சொல்ல முடியும். இப்ப இது யார்னு அந்த ஊர்க்காரங்களே வந்தாலும் சொல்ல முடியாது சார்."

துரைசாமி விடவில்லை. "அவங்களே திருவிழாவுக்குத் திருவிழா புதுசா பூசுவாங்கம்மா! நான் கண்ணால பார்த்திருக்கேன். சுரண்டிட்டு மறுபடியும் பூசுவாங்க. அவங்க பூசலாம், நான் ஒரு கோட் போட்டா தப்பா?"

"அவங்களுக்கு எந்தச் சுழி யாருதுன்னு தெரியும் சார்" என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டாள்.

துரைசாமிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை கண்முன் வந்து நின்றது. தின்னரில் நனைத்த வேஸ்ட் துணி சிவப்பாக வந்தது, பிறகு மஞ்சளாக, பிறகு கறுப்பாக. "தொரை, கலர் வுடுதுய்யா" என்று வக்கார் சொன்னார். "அழுக்கு பாய். நல்லா அழுத்தித் தொடங்க, இல்லன்னா கோட் புடிக்காது" என்று இவர்தான் சொன்னார். மேலே மண்ணும் எண்ணெயும் இருந்தால் ஃபினிஷ் ஒட்டாது. தோலில் கை வைத்த எவனுக்கும் தெரிந்த பாடம். இறகும் நாரும் ஸ்பிரேக்கு இடைஞ்சல் என்று பிய்த்துப் போட்டார்கள். துணியெல்லாம் ஒரு குவியலாகச் சேர்ந்தது. சாயங்காலம் ஷாப்புக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினார்கள்.

"அடியில ஒண்ணும் இல்லம்மா" என்றார். "நான்தான் தொடச்சேன்."

வக்கார் அகமது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கலக்கனது நானு" என்று முனகினார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சவுரியம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. "கெடுக்கணும்னா பண்ணாரு? எங்க கோபி மூஞ்சிய ஒரு நாளு இப்படித் தொடச்சி இருப்பாரா கேளு! புள்ளையவிட இதுங்களதானம்மா பார்த்தாரு. எடுத்துனு போய் ஒரு மூலைல வெச்சா உங்க மியூசியம் இன்னா கொறஞ்சிடும்?"

"வாங்கிக்க மாட்டாங்கம்மா. நான் எழுதிக் குடுத்தாலும் வாங்கிக்க மாட்டாங்க" என்ற பூர்ணிமாவின் கண் கலங்கியிருந்தது. கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தாள்.

துரைசாமி எழுந்து போய்ச் சுவரோரம் நின்றார். அத்தனை நெற்றியிலும் ஜன்னல் கம்பி தெரிந்தது. இத்தனை வருஷமாகத் தினமும் காலையில் இதைப் பார்த்துத்தானே சந்தோஷப்பட்டோம் என்று நினைத்தபோது அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. உளு தின்றிருந்தாலாவது பாதி மிஞ்சியிருக்கும். இவர் காப்பாற்றியதில் எதுவும் மிஞ்சவில்லை.

வந்த பெண்ணைப் பட்டினியாக அனுப்பக்கூடாது என்று சவுரியம்மாள் பூர்ணிமாவைச் சமையலறைக்குள் காபி குடிக்கக் கூட்டிப் போனாள். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. "சார்! இங்க வாங்க சார்!" என்று குரல் வந்தது.

அடுப்புக்கு மேலே உத்தரத்திலிருந்து வெங்காயப் பை தொங்கிக்கொண்டிருந்தது. பை மாட்டியிருந்த கொக்கி, இரண்டு பக்கமும் மேல்நோக்கி வளைந்த கட்டை. அதற்கு மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு முகம். எண்ணெய்ப் பிசுக்கும் தோசைப் புகையும் ஏறிக் கன்னங்கரேல் என்று இருந்தது. பூர்ணிமா டார்ச் அடித்தாள். பிசுக்குக்கு அடியில் சுழி தெரிந்தது. சிவப்பு, வெள்ளை, மறுபடியும் சிவப்பு. தாடையில் கொஞ்சம் நார்கூட ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்கு லேக்கர் அடிக்கலையா?"

"எங்க அடிக்க வுட்டேன்?" என்றாள் சவுரியம்மாள். "அந்த ஊர்ல எலி வராம சோத்து மூட்டய மாட்டுவாங்கன்னு சொல்லி எனக்குன்னு வாங்கியாந்தாரு. அன்னிக்கி வண்டில ஏத்த வந்தாரு. எனக்கு வெங்காயம் மாட்டணும், இத எடுத்துனு போனீங்கன்னா பேஜாராய்டும்னு சண்ட போட்டு வெச்சிக்கினேன். கரி புடிச்சுக் கெடக்குதுன்னு இது பக்கமே அவரு திரும்ப மாட்டாரு."

"இதை நாங்க எடுத்துக்கறோம் சார்" என்று பூர்ணிமா திரும்பினாள். "இது ஒண்ணை மட்டும்."

ஒன்று. கூடத்தில் இருக்கிற மற்றவர்களுக்கு விறகுக்கடைதான் என்பதை அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. சவுரியம்மாள் வெங்காயப் பையைக் கழற்றி அம்மிமேல் வைத்தாள். கொக்கி லேசாக ஆடி நின்றது. முகம் துரைசாமியைப் பார்த்தது.

"நீங்கதான் உயரம் சார். கொஞ்சம் பிடிச்சு இறக்கிக் குடுங்களேன்."

துரைசாமி கையை உயர்த்தினார். பழக்கதோஷம், கட்டைவிரல் நேராக அந்தக் கண்ணுக்குத்தான் போனது. தொடுவதற்கு அரை விரற்கடை இருக்கும்போது அப்படியே நின்றது. கையைக் கீழே இறக்கி, வேட்டியில் அழுந்தத் துடைத்தார். திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் துடைத்தார்.

"சவுரி, நீயே ஸ்டூல் போட்டு எடு" என்று சொல்லிவிட்டு, சுவரோடு ஒதுங்கி நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டார்.