தேயாத கட்டி

கொல்லிமலைக்கு மேலே படகு விடும் ஏரி ஒன்று இருக்கிறது. ஆறு வருஷம் அங்கே மோட்டார் படகைப் பார்த்துக்கொண்டவன் நான். காரவள்ளியில் பம்புசெட்டுகளைப் பிரித்து மாட்டிக் கையாலேயே கற்றுக்கொண்ட வேலை. படகுக்கும் அதே கைதான். வேலையைவிட எனக்குப் பிடித்தது ஆட்களின் வாய். யாராவது நன்றாக ஒன்று சொல்லிவிட்டால் வீடு போய்ச் சேரும்வரை அதையே மென்றுகொண்டிருப்பேன். டிக்கெட் கொடுக்கும் அக்கா பக்கத்தில் இருந்ததால் எனக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

படகின் பின்னால் தண்ணீருக்குள் மோட்டாரின் கால் தொங்கும். அதில், தண்ணீரைத் தள்ளும் விசிறிக்கு மேலே, உள்ளங்கை அளவு ஒரு கட்டி திருகியிருக்கும். கால் அலுமினியம், விசிறி எவர்சில்வர். இரண்டு உலோகம் ஒன்றாகத் தண்ணீரில் கிடந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து, இரண்டில் இளைத்ததை அரிக்கும். அந்த அரிப்பைக் காலுக்கு விடாமல் தன்மேல் வாங்கிக்கொள்வதுதான் கட்டியின் வேலை. எங்கள் ஏரி மாதிரி நல்ல தண்ணீருக்கு மக்னீசியக் கட்டி போட வேண்டும். அது கரையும். பாதியானதும் மாற்ற வேண்டும். அக்கா அதற்கு வைத்த பெயர் சோப்பு. “ஏனுங்க, சோப்பு தேஞ்சிருச்சா? யாரு குளிச்சாங்க, மீனுங்களா?” என்று கேட்பார்.

பிறகு படகுத்துறைக் குத்தகைக்காரரின் மைத்துனர் மேலாளராக வந்தார். ஆயுத பூஜைக்காகப் படகைக் கரையேற்றியபோது கட்டி அவர் கண்ணில் பட்டது. பாதிதான் இருந்தது, அதுவும் எலி கொறித்த மாதிரி.

“புதுசு போட்டு எட்டு மாசந்தானே ஆச்சு? மீதி எங்க?”

“தண்ணியில கரஞ்சுபோச்சுங்க. கரையறதுதானுங்க அதோட வேல.”

“கரையறதுக்கு நான் என்ன கல்கண்டா வாங்கிக் குடுத்தேன்?”

நல்ல வாய்தான். வேறு யாரைப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் நானே பத்துப் பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன். அவர் அதோடு விடவில்லை. சந்தை நாளன்று செம்மேட்டு டீக்கடைக்குக் கட்டியைக் கொண்டுவந்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். “பாதிய அறுத்து எடைக்குப் போட்டுட்டு, கரஞ்சுபோச்சுன்னு கதை சொல்றாங்க!” எங்கள் மலையிலேயே இருக்கும் குண்டூர் நாட்டிலிருந்து மிளகு கொண்டுவந்தவர்கள் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள். நானும் டீ டம்ளரோடு நின்றேன்.

அன்றைக்கே வேலை போனது. அது பெரிய விஷயம் இல்லை, பேர் போனது. “வாங்க கல்கண்டு, இன்னைக்கு என்ன கரஞ்சுது?” என்று முகம் தெரியாதவர்கள்கூடக் கேட்டார்கள். என் மனைவி சந்தைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

கணக்குத் தீர்க்க ஏரிக்குப் போன அன்று புதுக் கட்டியைப் பார்த்தேன். கடற்கரை ஊரிலிருந்து வரவழைத்த துத்தநாகக் கட்டி. “கடலையே தாங்கறது இந்தக் குட்டையைத் தாங்காதா?” என்று மேலாளர் யாரிடமோ பெருமை பேசிக்கொண்டிருந்தார். துத்தநாகம் உப்புத் தண்ணீரில்தான் ஒழுங்காகக் கரையும். நல்ல தண்ணீரில் மேலே தோல் கட்டித் தூங்கிவிடும். அது போதாதென்று, பூஜைக்குப் பளபளவென்று இருக்கட்டும் என்று மோட்டார் கால், கட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து வெள்ளிப் பெயின்ட் அடித்து, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். பெயின்ட் அடித்த கட்டி எதையும் காப்பாற்றாது.

நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். ஏறுகிறவர்கள் எல்லோரும் மிதவை அங்கி போடுகிறார்கள், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் கரை, யாருக்கும் உயிராபத்து இல்லை என்பதையும் யோசித்துக்கொண்டேன். சாகப் போவது மோட்டார் மட்டும்தான். சாகட்டும் என்று நினைத்தேன்.

செம்மேட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சின்னதாகப் பட்டறை போட்டேன். வாரம் ஒருமுறை ஏரிக்கரைக்குப் போய், தூக்கி நிறுத்தியிருக்கும் மோட்டார் காலைப் பார்த்துவிட்டு வருவேன். முதல் மழைக்காலம் முடிந்ததும் விசிறியைச் சுற்றிப் பெயின்ட் கொப்பளித்தது. அடுத்த மழையில் கொப்பளம் உடைந்து சுண்ணாம்பு மாதிரி மாவு தள்ளியது. அன்றைக்கு இரண்டு டீ சேர்த்துக் குடித்தேன்.

மேலாளர் என்னைப் பார்த்தால் விடமாட்டார். “வாங்க கல்கண்டு! கட்டியப் பாத்தீங்களா? ஒரு பொட்டு குறையல. நீங்க போனீங்க, பொருள் தங்கிருச்சு.”

“ஆமாங்க, அப்படியே இருக்குதுங்க. அதுமேல கையே வெச்சுராதீங்க” என்றேன்.

ஆடிப் பதினெட்டு. மலை முழுக்கக் கூட்டம். குத்தகைக்காரரே குடும்பத்தோடு மோட்டார் படகில் ஏறினார். நடு ஏரியில் தண்ணீர்மேல் வானவில் மாதிரி எண்ணெய் படர்ந்தது. மோட்டார் இரண்டு முறை முனகிவிட்டு நின்றது. மிதி படகுகளைக் கட்டி இழுத்து வந்தார்கள். மலையில் வேறு ஆள் இல்லாததால் குத்தகைக்காரர் எனக்குப் போன் செய்தார். நான் சட்டை மாற்றிக்கொண்டு போனேன்.

மோட்டார் காலைத் தூக்கச் சொல்லி, கூட்டத்துக்கு முன்னால் ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினேன். அப்பளத்தில் இறங்குவது போல இறங்கியது. உள்ளே பல்சக்கரம் தெரிந்தது. பக்கத்திலேயே கட்டி, புதுமாப்பிள்ளை மாதிரி மின்னியது.

“இது தேஞ்சிருந்தா கால் தேஞ்சிருக்காதுங்க” என்றேன். “இதைத்தான் நான் அறுத்து வித்தேன்னு சொன்னாங்க.”

குத்தகைக்காரர் மைத்துனரைப் பார்த்த பார்வைக்காகவே இரண்டு மழைக்காலம் காத்திருக்கலாம். “பழசை உடுப்பா, வேலைக்கு வந்துரு” என்றார்.

“வேல வேண்டாமுங்க. சந்தை அன்னைக்கு, அதே டீக்கடையில, அவுங்க வாயால சொல்லோணும்.”

சந்தை அன்றைக்கு மேலாளர் டீக்கடைக்கு வந்தார். டம்ளரைப் பார்த்துக்கொண்டே, “அவர் திருடல” என்றார்.

“பஸ் சத்தத்துல கேக்கலீங்க.”

“அவர் திருடல, நாந்தான் தெரியாமச் சொல்லிட்டேன்.”

“அந்தக் கோடியில நிக்கறவங்களுக்குக் கேக்கலீங்களாம், சாமி.”

மூன்றாவது முறை கத்தினார். என் மனைவி கருவேப்பிலை பேரம் பேசுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவளைச் சந்தைக்கு அழைத்து வந்திருந்தேன்.

கூட்டம் கலைந்ததும் டிக்கெட் அக்கா பக்கத்தில் வந்தார். “அவரு பண்ணுனதுக்கு அவருக்கு வேணும். அந்த மோட்டாரு உங்களுக்கு என்னங்க பண்ணுச்சு? ஆறு வருஷம் உங்க கையிலதானே குளிச்சுது?”

அக்கா சொன்னதில் நான் யாரிடமும் திருப்பிச் சொல்லாதது அது ஒன்றுதான்.

அந்தக் கட்டியைக் கேட்டு வாங்கிவந்து பட்டறை வாசலில், பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் கண்ணில் படும்படி கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மேலாளர் இப்போதெல்லாம் எதிர்ச்சாரியில்தான் நடக்கிறார். போன மாதம் ஆள் அனுப்பி, அதைக் கழற்றிவிடச் சொல்லிக் கேட்டார்.

“தேஞ்சதும் கழட்டிடறேன்னு சொல்லுங்க” என்று சொல்லியனுப்பினேன்.