சிவப்பு எரிந்த நாள்

கோடு போடச் சொன்னால் ரோடே போடுகிறவர்கள் எந்த அலுவலகத்திலும் உண்டு. அவள் அந்த ரகம் இல்லை. கோடு போடு என்றால், "எங்கே?" என்று கேட்பாள். அதை அறிந்துகொள்ளும்வரை விசைப்பலகையில் கை வைக்க மாட்டாள். போக்குவரத்து அலுவலகத்தின் புள்ளிவிவரப் பிரிவில் அவளுக்கு விழுந்த பெயரே எங்கேக்கா. சுகாதாரத் துறையில் குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் பல வருடம் படம் போட்டுவிட்டு, மாற்றலாகி இங்கே வந்தவள். வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது.

வீட்டிலும் அதே புத்திதான். மழைக்காலத்தில் சுவரில் ஈரம் ஏறினால் அதன் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து பக்கத்தில் தேதி போட்டு வைப்பாள். அடுத்த மழையில் ஈரம் கூடியதா குறைந்ததா என்று வாய்ச்சண்டைக்கே இடமில்லை. அண்ணி தையல் இயந்திரத்தில் இருந்தபடியே சொல்வாள்: "சொவத்துக்கு நாடி பாக்குறா எங்க நாத்தனார். ஒரு வாளி சுண்ணாம்பு அடிக்கத்தான் ஆளக் காணோம்."

அது அண்ணனின் வீடு. மாடியில் இரண்டு அறை. ஆறு வருடத்துக்கு முன் அண்ணன் போனபோது, ஒரு மாதம் துணைக்கு இருந்துவிட்டு வரலாம் என்று ஒரு பெட்டியோடு வந்தாள். பெட்டி இன்றும் கட்டிலுக்கடியில்தான் இருக்கிறது. கல்யாணம் செய்துகொள்ளாதவளுக்குத் திரும்பிப் போக வேண்டிய அவசரமும் இல்லை. அண்ணி பள்ளிச் சீருடை தைப்பாள். அண்ணன் மகளுக்கு அப்போது ஏழு வயது, இப்போது பதின்மூன்று.

அண்ணன் இறந்தது பெரிய நாற்சந்தியில். விடிகாலையில் வேலை முடிந்து ஸ்கூட்டரில் வந்தவரைக் குறுக்குச் சாலையில் வந்த லாரி அடித்தது. சிக்னல் இருந்தது, சிவப்பைத் தாண்டிவிட்டார் என்று லாரிக்காரர் சொன்னார். ஒரு மாதம் கழித்து விசாரித்து முடித்தவர்களும் அதையே எழுதினார்கள். அதற்குப் பிறகு துக்கம் கேட்க வந்தவர்களும் அதையே சொல்லிவிட்டுப் போனார்கள். சிக்னல் கம்பம் அங்கே நின்றதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

அண்ணி அழுததைவிடத் திட்டியதுதான் அதிகம். காலையில் பாலைக் காய்ச்சும்போது ஆரம்பிப்பாள். "ஒரு நிமிஷம் நிக்கத் தெரியாத மனுஷன். ஒரே ஒரு நிமிஷம். நின்னிருந்தா கால் தேஞ்சா போயிருக்கும்?" மகள் படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவினால், "அப்பன் புத்தி அப்படியே இருக்கு பாரு! நில்லுடி!" என்பாள். சுவரில் இருக்கும் படத்தைத் துடைக்கும்போதுகூட ஒரு திட்டு உண்டு. இவள் எதிர்த்துப் பேசியதில்லை. அண்ணன் சின்ன வயதிலிருந்தே துடியானவர்தான். ஆனால் சிவப்பைத் தாண்டுவாரா என்ற கேள்வி இவளுக்குள் ஒரு முள்ளாகவே இருந்தது. பார்த்தவர்கள் சொல்லும்போது பார்க்காதவள் என்ன சொல்வது?

இந்த நிலையில்தான் அந்த வேலை அவள் மேசைக்கு வந்தது. நகரத்தின் மற்றச் சந்திப்புகளுக்கும் சிக்னல் வேண்டுமா என்று ஒரு குழு முடிவு செய்யப் போகிறது. பெரிய நாற்சந்தியில் சிக்னல் வருமுன் எத்தனை விபத்து, வந்த பின் எத்தனை என்று ஒரு படம் வேண்டும். பிரிவு அதிகாரி கோப்பை வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒவ்வொரு விபத்தும் ஒரு புள்ளி. கீழ தேதி, பக்கத்துல மணி. சிக்னல் வந்த தேதியில நேரா ஒரு கோடு. அவ்வளவுதாம்மா."

கோப்பில் அண்ணனின் விபத்தும் ஒரு வரியாக இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

புள்ளிகளைப் போட்டாள். காயம் என்றால் வெறும் வட்டம், மரணம் என்றால் நிரப்பிய வட்டம். பிறகு கோட்டுக்கான கட்டளையில் கோப்பில் இருந்த தேதியை அப்படியே அடித்தாள். மென்பொருளுக்கு அது தேதியாகப் படவில்லை; நடுவில் இருந்த சாய்கோடுகளை வகுத்தல் குறியாக எடுத்துக்கொண்டது. நாளின் எண்ணை மாதத்தால் வகுத்து, வந்ததை ஆண்டால் வகுத்து, மிஞ்சிய துளி எண்ணில் கோட்டைக் கொண்டுபோய் நட்டது. அந்த மென்பொருளின் கணக்கில் பூச்சியம் என்பது பல பத்தாண்டுகளுக்கு முந்தைய ஒரு நாள். படம் அதுவரை நீண்டு, கோடு இடது கோடியில் தனியாக நின்றது. விபத்துகள் எல்லாம் வலது ஓரத்தில் எறும்புபோல அப்பிக்கொண்டிருந்தன.

பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான். "என்னக்கா, எங்க தாத்தா காலத்துலயே சிக்னல் போட்டுட்டீங்க?"

"உங்க தாத்தா நின்னு போயிருப்பாரு. நீதான் நிக்க மாட்ட" என்றாள். ஆனால் சிரிக்கவில்லை. தேதியை முறையாக எழுதி மறுபடி ஓட்டினாள். கோடு தன் இடத்துக்கு வந்தது.

இடப்பக்கம் நிரப்பிய வட்டங்கள் பல. வலப்பக்கம் காயங்கள் சில, நிரப்பிய வட்டம் ஒன்றே ஒன்று. கோட்டை ஒட்டினாற்போல, கீழே, விடிகாலை நேரத்தில். அதிகாரி முன்னதாகவே எழுதி வைத்திருந்த அறிக்கையில் அதற்கு ஒரு வாக்கியம் இருந்தது: "சிக்னல் வந்த பின் நிகழ்ந்த ஒரே மரணம் ஓட்டியவரின் அவசரத்தால் நேர்ந்தது."

 அவளுக்கு வழக்கமான கேள்விதான் வந்தது. கோட்டை எங்கே போட்டோம்? கோப்பில் "பணி முடிந்து ஒப்படைத்த நாள்" என்றுதான் இருந்தது. ஒப்படைத்தால் எரிந்துவிட்டது என்று அர்த்தமா? சொந்த அண்ணன் என்பதால்தான் இப்படித் தோன்றுகிறதோ என்று தன்னையே ஒருமுறை கேட்டுக்கொண்டாள். யாருடைய புள்ளியாக இருந்தாலும் இதைக் கேட்டிருப்பேன் என்று நிச்சயமானதும் எழுந்தாள்.

சிக்னல்களைப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரீஷியன் கீழ்த்தளத்தில் பழைய விளக்குக் கண்ணாடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, பெரிய நாற்சந்தியில ஒப்படைச்ச அன்னிக்கே சிவப்பு எரிஞ்சுதா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க!" அவர் சிரித்தார். "எரியவிட்டாத்தானே? பெரிய மனுஷர் ஒருத்தர் வந்து பொத்தான அழுத்தணும், அவருக்குத் தேதி ஒத்து வரல. அதுவரைக்கும் நாலு பக்கமும் மஞ்சள்லயே விட்டு வைன்னாங்க. மஞ்சள் மட்டும் கண்ணு சிமிட்டிக்கிட்டே இருந்துச்சு. கடைசியா வந்து அழுத்துனாரு பாருங்க, அந்தப் பொத்தான்ல வயரே கிடையாது. பெட்டிக்குள்ள குந்திக்கிட்டு சுவிட்சப் போட்டது நான். கைதட்டு அவருக்கு, முதுகுவலி எனக்கு."

"அது என்னைக்குண்ணே?"

"தேதி யாருக்கு ஞாபகம்? அங்கயே கல்லு வச்சிருக்காங்களே. போய்ப் பாருங்க."

மறுநாள் காலை அலுவலகத்துக்கு முன் அவள் அந்தச் சந்திப்பில் இறங்கினாள். கம்பத்தின் அடியில் இடுப்பளவுக்கு ஒரு கல். அதன்மேல் அடுக்கடுக்காகச் சுவரொட்டிகள். தண்ணீர்ப் புட்டியைச் சாய்த்து நனைத்து, நகத்தால் சுரண்டினாள். கடந்துபோன ஒருவர், "கல்லு அடியில என்னம்மா, புதையலா?" என்றார். பெரிய மனிதரின் பெயர் வந்தது. அதன் கீழே பட்டங்கள். எல்லாவற்றுக்கும் கீழே தேதி.

ஒப்படைத்த நாளுக்கும் கல்லில் இருந்த நாளுக்கும் இடையே பத்தொன்பது நாள். அண்ணன் இறந்தது அந்த இடைவெளியில்.

அவள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைக்கு மேலே சிவப்பு எரிந்தது, வண்டிகள் நின்றன. பச்சை எரிந்தது, போயின. லாரிக்காரர் எப்படியோ, துக்கத்துக்கு வந்தவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. இங்கே சிவப்பு எரிந்ததை எல்லோரும் பார்த்தவர்கள்தான். என்றைக்குப் பார்த்தோம் என்பதுதான் ஒருவருக்கும் நினைவில்லை. பொத்தான் அழுத்திய பிறகு தினமும் பார்த்த சிவப்பை, அழுத்துவதற்கு முந்திய ஒரு விடிகாலையிலும் கொண்டுபோய் ஏற்றிவிட்டார்கள்.

அன்று படத்தில் இரண்டு கோடு போட்டாள். ஒப்படைத்த நாளில் விட்டு விட்டு ஒன்று, சிவப்பு எரிந்த நாளில் முழுக் கோடாக ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒல்லியான சந்து. அதில் ஒரே ஒரு புள்ளி.

அதிகாரி தாளைக் கையில் வாங்கியதும் முகம் சுளித்தார். "ஒரு கோடு கேட்டா ரெண்டு போட்டிருக்கீங்க? ரெண்டாவத எடுத்துடுங்க. வீணாக் கேள்வி வரும்."

"சார், அந்த நடுப் புள்ளி என் அண்ணன்."

அவர் நிமிர்ந்தார்.

"அதனால இந்தக் கோட்ட நான் போடக் கூடாதுன்னா சொல்லுங்க, ஒதுங்கிக்கிறேன். வேற யாரையாவது போடச் சொல்லுங்க. ஆனா கல்லப் பாத்துட்டு வந்து போடச் சொல்லுங்க."

அவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மதியம் திரும்பி வந்தபோது அவர் விரல் நகங்களில் சுவரொட்டிப் பசை இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, அறிக்கையில் அவசரம் பற்றிய வாக்கியத்தைக் கோடு கிழித்து அடித்தார். 

"ஒப்படைச்சதா எழுதிக் கையெழுத்துப் போட்டது நாந்தாம்மா. மஞ்சள்ல விடச் சொன்னவங்களுக்குத் தலையாட்டினதும் நாந்தான். ரெண்டு கோடும் இருக்கட்டும்."

  குழுவின் முன் அந்தப் படம் ஒரு நிமிடம் திரையில் நின்றது. இரண்டு கோட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. மற்றச் சந்திப்புகளுக்கும் சிக்னல் என்று முடிவாயிற்று.

அன்று மாலை அவள் தாளை மடிக்காமல் உறையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அண்ணி ஒரு சட்டைக் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அண்ணி ஊசியை எடுத்துக் குத்தி வைக்கும்வரை இவள் பொறுத்திருந்து, தாளைத் துணிமேல் விரித்தாள். முதல் கோடு எது, இரண்டாவது எது, பொத்தான், கல், மஞ்சள் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அண்ணி குறுக்கே பேசாமல் கேட்டாள். அதுவே வழக்கத்துக்கு மாறு.

"இதுல அவரு எது?"

அவள் காட்டினாள். அண்ணி அதன்மேல் விரலை வைத்தாள். விரலடியில் புள்ளியோடு இரண்டு கோடும் மறைந்துவிட்டன.

"அப்ப சிவப்பத் தாண்டல."

"இல்ல அண்ணி. தாண்டுறதுக்குச் சிவப்பே இல்ல."

"அவசரப்படல."

இங்கே அவள் தயங்கினாள். தலையாட்டியிருக்கலாம். ஆனால் சுவரின் ஈரத்தைக்கூட உள்ள இடத்தில் வரைகிறவளுக்கு அது முடியவில்லை. "அது எனக்குத் தெரியாது அண்ணி. சிவப்பு இல்லங்கிறது மட்டும்தான் தெரியும்."

"ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிடுவ? பொய் சொல்றதுக்கும் உனக்குத் தேதி வேணும், கல்லு வேணும்!" அண்ணியின் குரல் ஏறி, பாதியில் நின்றது. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "ஆறு வருஷம். அந்த மனுஷனத் திட்டித் திட்டித்தானே எழுந்து நின்னேன். கோவம்தான் எனக்குக் கைத்தடியா இருந்துச்சு. அதப் பிடுங்கிட்டியே. இனிமே நான் யாரத் திட்டுவேன், சொல்லு."

அவள் அண்ணியின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். இடம் போதவில்லை. அண்ணி நகர்ந்து கொடுத்தாள். தாள் இருவர் மடியிலும் பாதிப் பாதியாகக் கிடந்தது.

அப்போது கீழே கதவு அடித்துக்கொண்டது. அண்ணன் மகள் இரண்டிரண்டு படியாகத் தாவி வருகிற சத்தம். அண்ணி பழக்கத்தில் தலையைத் தூக்கினாள்.

"அப்பன் புத்தி..." என்றவள், வாயைத் திறந்தபடியே நிறுத்தினாள். காலடிச் சத்தம் நெருங்கி வந்தது.

"மெதுவா வாம்மா" என்றாள்.