மகன் பெயிண்ட் அடித்த கம்பிவலை

அன்று என் கணவரின் கையைப் பிடித்து நான் ஏன் தடுக்கவில்லை?

அவருடைய பைக்கின் முன்பக்கம், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் ஓடும் ரேடியேட்டர் இருக்கிறது. கல் பட்டால் ஓட்டையாகிவிடும். கடையில் விற்கும் தடுப்பு விலை அதிகம் என்று, கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலையை வெட்டி அவரே ஒன்று செய்தார். வலையை நான் பிடித்துக்கொண்டேன். நான்கு வயது மகன் கறுப்புப் பெயிண்ட் அடித்தான்.

மறுவாரம் மூவரும் பந்தல்குடி சாலையில் போனோம். முன்னால் ஒரு லாரி, தார்ப்பாய் மூடாமல் ஜல்லி ஏற்றிப் போனது. ஒரு கல் தெறித்து வலையில் மோதியது. அவர் லாரியை முந்தி மறித்து, வயதான டிரைவரைச் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே தம்பி! பாருங்க, ஒரு சொட்டு ஒழுகல."

"எம்மவன் பெயிண்ட் அடிச்சதுய்யா அது!"

வலை மட்டும்தான் நசுங்கியிருந்தது. மூக்கில் குத்தினார். விழுந்தவரை மிதித்தார். வெள்ளை மீசையில் ரத்தம் வழிய, பெரியவர் என் பக்கம் திரும்பி, "தாயி, நீயாச்சும் சொல்லு" என்றார். நான் மகனின் கண்களைத்தான் பொத்தினேன். அவன் என் விரல்களை விலக்கிவிட்டு, "இன்னும் குத்துங்கப்பா!" என்று கை தட்டினான். வழியில் வந்தவர்கள்தான் அவரை விலக்கினார்கள்.

நேற்று, பைக்கைத் தொட்ட பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மூக்கில் மகன் குத்திவிட்டான். "தப்புடா" என்றேன்.

"அப்பா மட்டும் குத்துனாரே?"

அப்பாவைத் தாழ்த்தாமல் இதை அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.