வெர்லின் முன்வாசலில் அடித்த அலமாரி

எங்கள் ஊரில் முன்வாசல் வழியாக யாரும் வீட்டுக்குள் வருவதில்லை. மினசோட்டாவின் இந்த மூலையில் யார் வீட்டுக்குப் போனாலும் கராஜ் பக்கமாகச் சுற்றிப் போய், சமையலறைக் கதவைத் தட்டித்தான் உள்ளே நுழைவோம். முன்கதவு மணி அடித்தால் ஒன்று மதம் பரப்ப வந்தவர்கள், இல்லையென்றால் வழி தவறியவர்கள். குளிர்காலத்தில் அந்தக் கதவுக்கு முன்னால் கிடக்கும் பனியைக்கூட யாரும் அள்ளிப்போடுவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் புருஷன் வெர்லின் செய்த காரியத்தைக் கேட்டு அவருக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைப்பீர்கள். கலங்கவில்லை. எப்போதும் இப்படித்தான்.

வெர்லின் டோலஃப்சன் வேலைக் காலம் முழுக்க கவுண்டி சாலைகளில் பனி அள்ளும் லாரி ஓட்டியவர். எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் "பரவாயில்ல" என்பார். மாரடைப்பு வந்து ஸ்ட்ரெச்சரில் கிடந்தபோதும் அதையேதான் சொன்னார். கேட்ட கேள்விக்குப் பதில் வரும், அதற்கு மேல் ஒரு சொல் வராது. ஆனால் சுத்தியலைக் கையில் எடுத்துவிட்டால் மனுஷனுக்கு நிறுத்தத் தெரியாது. ஒரு தடவை பனி லாரி எங்கள் தபால்பெட்டியை இடித்துத் தள்ளிவிட்டது. இவர் புதுப்பெட்டியைத் தண்டவாளத் துண்டோடு பற்றவைத்து, குழி தோண்டி, கான்கிரீட் கொட்டி நட்டார். அடுத்த குளிர்காலத்தில் லாரியின் தகடுதான் வளைந்தது. குருவிகளுக்கு ஒரு கூண்டு செய்தார். சூறைக்காற்றில் கராஜ் கூரையே பறந்து போனது, கூண்டு நின்றது.

இந்த மனுஷனிடம்தான் நான் வருஷக்கணக்காக ஒரு புத்தக அலமாரி கேட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள் நான். வீட்டுக்கு வந்து காலை நீட்டினால் எனக்கு ஒரு கொலைக்கதை வேண்டும். அப்படிச் சேர்ந்த புத்தகங்களெல்லாம் நிலவறையில் அட்டைப்பெட்டிகளில் கிடந்தன. "வசந்தம் வரட்டும், பார்த்துக்கலாம்" என்பார். எத்தனையோ வசந்தங்கள் வந்து போயின. அவர் மீன் பிடிக்கப் போனார். நான் ஒவ்வொரு புத்தகத்துக்கும் அந்தச் செங்குத்துப் படியில் இறங்கி ஏறினேன்.

இந்த ஜனவரியில், அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு ஏறும்போது கால் வழுக்கியது. இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்ததும், நான்கு கால் வாக்கரைப் பிடித்து நடை பழக என்று பக்கத்து டவுனில் உள்ள முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். என் அறையில் இன்னொரு அம்மாள். காலையில் கண் விழித்ததிலிருந்து டிவியில் பரிசுப் போட்டி பார்ப்பாள். யாராவது கார் ஜெயித்தால் என்னை எழுப்பிச் சொல்வாள். நான் வீட்டுக்குப் போகத் தவித்தேன். அதை யாரிடமும் மறைக்கவில்லை.

கிர்ஸ்டன் என்கிற பிசியோ பெண் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "உங்களை வீட்டுக்கு நானே கூட்டிட்டுப் போறேன், ஆர்டிஸ். ஆனா பத்திரமா உள்ள நுழைஞ்சு காட்டணும். முடியலன்னா அப்படியே திரும்பி இங்கதான். பனி உருகுற வரைக்கும் விடமாட்டாங்க."

என் கட்டில் பக்கத்திலிருந்தே, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில், வெர்லினுக்கு போன் போட்டாள்.

"படி இல்லாத வாசல் ஏதாவது இருக்குங்களா?"

"இருக்கு. முன்னாடி."

"அந்தக் கதவு எவ்வளவு அகலம்?"

அளவு டேப் சரசரக்கும் சத்தம் கேட்டது. அளவைச் சொன்னார்.

"தாராளம். வாக்கர் நல்லாவே நுழையும்."

"ம்," என்றார் வெர்லின்.

அந்த "ம்" எனக்கு உறைத்திருக்க வேண்டும். அதே வாரம் பக்கத்து வீட்டு டுவேன், அவன் பெண்டாட்டி செய்த லெமன் பார் இனிப்பை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தான்.

"வெர்லின் ஒழுங்கா சாப்பிடறாரா?" என்று கேட்டேன்.

"சாப்பிடறான். வீட்டுக்குள்ள ஏதோ வேலை வெச்சிருக்கான். பலகை பிடிக்க என்னையும் கூப்பிட்டான்."

"என்ன பலகை?"

டுவேன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "நீயே வந்து பாரு, ஆர்டிஸ். வித்தியாசமா இருக்கு."

எங்கள் ஊரில் ஒரு பொருள் சகிக்கவில்லை என்றால் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். வித்தியாசமா இருக்கு என்பார்கள். என் அக்கா மருமகளைப் பற்றிக் கல்யாண வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

நான் வீடு திரும்பிய அன்று வெர்லின் முன்வாசல் பனியை மண் தெரியும் வரை சுரண்டி வைத்திருந்தார். சட்டையை மாற்றி, தலையை வாரி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கிர்ஸ்டன் பின்னால் வர, நான் வாக்கரைத் தள்ளிக்கொண்டு கதவைத் தாண்டினேன். டங் என்று இடித்து நின்றது.

கதவைத் திறந்ததும் ஒரு சின்ன நடை இருக்கும். அதன் இரண்டு பக்கமும், தரையிலிருந்து கூரை வரை, ஓக் பலகையில் புத்தக அலமாரி. சுவரோடு சுவராக அறைந்திருந்தார். அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நடுவில் மிச்சம் இருந்த வழியில் ஒல்லியான ஆள் ஒருவர் போகலாம். வாக்கர் போகாது.

"வெர்லின், என்ன இது?"

"அலமாரி."

"அலமாரின்னு தெரியுது. நான் எப்படிப் போறது?"

வாக்கரைப் பார்த்தார். நடையைப் பார்த்தார். திரும்பவும் வாக்கரைப் பார்த்தார். "கதவோட அகலந்தான கேட்டாங்க," என்றார்.

"கதவுக்குப் பின்னாடி இப்படி ஒண்ணு இருக்கும்னு நான் எப்படிங்க கேப்பேன்?" என்றாள் கிர்ஸ்டன்.

"அலமாரியக் காட்டத்தான் இதைத் திறந்தேன். நீ சமையலறை வழியாத்தான வருவ," என்று என்னிடம் சொன்னார். "எப்பவும் அப்படித்தான வருவ."

"அங்க படி இருக்கே, மனுஷா."

"தூக்கிட்டுப் போயிடலாம்னு நெனச்சேன்."

"யாரு? முதுகுவலிக்கு பெல்ட் கட்டிக்கிட்டு நிக்கிற நீயா?"

வேடிக்கை பார்க்க வந்த டுவேன் பின்னால் இருமினான். நான் திரும்பினேன். "நீயும் பலகை பிடிச்சியே. உனக்குமா தோணல? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அதான் வித்தியாசமா இருக்குன்னு சொன்னேனே," என்றான்.

வெர்லின் கராஜுக்குப் போய் ரம்பத்தோடு வந்தார். ஒரு பலகையின் மேல் வைத்தார், எடுத்தார். அடியில் தடவிப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாள் கிர்ஸ்டன்.

"எல்லாம் சுவர்ச் சட்டத்தோட ஸ்க்ரூ போட்டு, பசையும் வெச்சிருக்கேன்." கொஞ்சம் யோசித்தார். "நாளைக்கு சாயங்காலம் ஆயிடும்."

கிர்ஸ்டன் என் தோளில் கை வைத்தாள். "மன்னிச்சுக்குங்க, ஆர்டிஸ். இன்னைக்கு வேண்டாம், திரும்பிடலாம்." கோட்டுப் பையில் கார் சாவியைத் துழாவினாள். பரிசுப் போட்டி அம்மாளின் முகம் என் கண் முன்னால் வந்து நின்றது. என் வீட்டு நடையின் கடைசியில், சமையலறையில், என் நாற்காலி தெரிந்தது. கேட்டபோதெல்லாம் ஒரு பலகைகூட அடிக்காதவர், நான் உள்ளே வர வேண்டிய ஒரே வழியைப் பார்த்து அடித்துவைத்திருக்கிறாரே என்று அழுகையே வந்துவிட்டது. அழ ஆரம்பித்தால் திட்ட முடியாது என்பதால் அழவில்லை.

அப்போதுதான் என் கைகளைப் பார்த்தேன். நிலை தடுமாறாமல் இருக்க இரண்டு பக்கத்துப் பலகைகளையும் பிடித்திருந்தேன். பிசியோ அறையில் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் என்னைத் தினமும் நடக்கவைப்பாளே, அந்த உயரம்.

"பொறும்மா," என்றேன். "உன் கம்பிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

கிர்ஸ்டன் என்னைப் பார்த்தாள். பிறகு வாக்கரை விலக்கி, என்னை ஒட்டி நுழைந்து ஒரு பலகையைப் பிடித்து உலுக்கினாள். காலைத் தூக்கிக்கொண்டு தன் முழு எடையையும் போட்டுத் தொங்கினாள். மறுபக்கமும் தொங்கினாள். "அசையவே இல்லையே."

"அது எப்படி அசையும்?" என்றார் வெர்லின். அன்று அவருக்கு ரோஷம் வந்தது அப்போதுதான்.

என் இடுப்பில் பட்டையைக் கட்டிப் பின்னால் பிடித்துக்கொண்டாள் கிர்ஸ்டன். வெர்லின் எனக்கு முன்னால், இரண்டு கையையும் நீட்டியபடி, பின்பக்கமாக நடந்தார். நான் பலகை பலகையாகப் பிடித்து நகர்ந்தேன். அப்படிப் போகும்போதுதான் புத்தகங்களைப் பார்த்தேன். என் கொலைக்கதைகள் எல்லாம் கைக்கு எட்டும் தட்டுகளில்தான் இருந்தன. குனிய வேண்டிய தட்டிலும் எக்க வேண்டிய தட்டிலும் அவருடைய தூண்டில் சாமான்களும் விதைக் கடை விலைப்பட்டியல்களும். பாதி வழியில், என் வலது கையை ஒட்டினாற்போல், அந்தப் புத்தகம் தனியாக நின்றது. படியில் என்னோடு விழுந்த புத்தகம்.

நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். கிர்ஸ்டன் இடுப்புப் பட்டையை அவிழ்த்தாள். வாக்கரை டுவேன் கராஜ் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து, சமையலறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான்.

எல்லோரும் போன பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்துத் தரச் சொன்னேன். பிரித்துப் பார்த்தேன். கடைசிப் பகுதி பிரியவில்லை.

"இதை என்ன பண்ணின?"

"அதோட முதுகு கிழிஞ்சு படியில கெடந்துச்சு. ஒட்டினேன்."

"எதை வெச்சு?"

"அலமாரிக்கு வாங்கின பசை மிச்சம் இருந்துச்சு. ராத்திரி பூரா இடுக்கியில போட்டு இறுக்கி வெச்சேன்."

"வெர்லின், கடைசி அத்தியாயம் ஒரே பலகையாயிடுச்சு. இனிமே யார் கொன்னாங்கன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

வாங்கி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "நல்லாப் பிடிச்சிருக்கு," என்றார். முகத்தில் பெருமை.

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கதவைச் சொன்னேன், பசையைச் சொன்னேன், வந்து போன வசந்தங்களைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். காப்பி ஊற்றி என் முன்னால் வைத்தார். பிறகு, நான் எதுவும் கேட்காமலே, ஒன்று சொன்னார்.

"இனிமே நீ கீழ இறங்காத."

அதற்குமேல் என்னால் திட்ட முடியவில்லை. காப்பியைக் குடித்தேன்.

இப்போது வாக்கர் இல்லாமல் நடக்கிறேன். அலமாரி அங்கேயே இருக்கிறது, அதைப் பெயர்ப்பதாக இருந்தால் வீட்டையும் சேர்த்துத்தான் பெயர்க்க வேண்டும். வெர்லின் ஒட்டிய புத்தகத்தின் இன்னொரு பிரதி ஊர் நூலகத்தில் இருக்கிறது என்று டுவேனின் பெண்டாட்டி இரண்டு தடவை சொல்லிவிட்டாள். நான் போய் எடுக்கவில்லை.