சாப்பிடச் சொன்ன நர்ஸ்

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் அப்பாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் இருந்தார். பருத்த உடம்பு, வியர்வையில் பாதி கரைந்த திருநீறு. யாரைப் பார்த்தாலும் "சாப்ட்டீங்களா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்.

அன்று காலை டாக்டர் எங்களை வெளியே நிறுத்திவிட்டு அப்பாவிடம் போனார். சற்று நேரத்தில் நர்ஸ் மட்டும் வெளியே வந்தார்.

"ஏனுங்க தம்பி, அம்மாவுக்குச் சக்கரை இருக்குதுன்னீங்கல்ல? கேண்டீனுக்குக் கூட்டீட்டுப் போயி நல்லா சாப்புட வெச்சுக் கூட்டியாங்க. அவசரமில்லீங்க."

"அப்பா எப்படி இருக்கறாருங்க?"

"டாக்டர் பாத்துட்டு இருக்கறாருங்க."

அம்மா இட்லி சாப்பிட்டார். நான் வற்புறுத்தியதால் இன்னொன்றும் போட்டுக்கொண்டார். திரும்பி வந்ததும், அப்பா போய்விட்டார் என்று டாக்டர் சொன்னார். எங்கள் பக்கம் சாவு விழுந்தால் எடுத்து முடிக்கும்வரை வீட்டில் அடுப்பெரியாது. மறுநாள் மாலைவரை அம்மா தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது நர்ஸைத் தனியே கேட்டேன். "எங்களச் சாப்பிடப் போகச் சொன்னப்பவே தெரியுமுங்களா?"

"அம்மா நல்லா சாப்ட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவரை நினைத்தால் கும்பிடுவதா கோபப்படுவதா என்று இன்றும் எனக்குப் புரிவதில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன் அம்மா சில சமயம் கேட்பார்: "நான் இட்லி தின்னுட்டு இருந்தப்ப உங்கப்பா உசுரோட இருந்தாங்களா கண்ணு?"

"நீ மொதல்ல சாப்புடும்மா" என்பேன்.