விடுபட்ட இரண்டு நோட்டுகள்

"உங்க அக்கா யாரைக் கேட்டு இப்படி வாசிக்கக் கத்துக்கிட்டா?"

பாட்டுக் குழுவின் லீடர் என்னிடம் இப்படிக் கேட்டார். அப்போது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே அவர் கையிலிருந்த, கிட்டார் மீட்டும் பிக்கைக் கடைவாய்க்குள் விட்டார். பல்லிடுக்கில் சிக்கியிருந்ததை நோண்டி எடுத்து ஒருமுறை பார்த்தார். பிக்கைச் சட்டையில் துடைத்துவிட்டு அதே பிக்கால் கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். "தெரியலை அங்கிள்" என்று சொல்லிவிட்டு வாசல்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

இப்போது பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அடுத்து என்ன, அடுத்து என்ன என்று கேட்பவர்களிடமிருந்து தப்பித்து, உட்காரவும் பிடிக்காமல் எழவும் பிடிக்காமல் வீட்டில் கிடக்கிறேன். அக்காவுக்கு நடந்ததை யாராவது எழுத வேண்டும். அவள் எழுத மாட்டாள். அதனால் நான் எழுதுகிறேன்.

அக்கா ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். கடையின் முன்பக்கம் எப்போதும் பளபளவென்று இருக்கும். அக்காவின் இடம் பின்னறை. லென்ஸை ஃப்ரேமுக்கு ஏற்ற வடிவத்தில் விளிம்பு தேய்க்கும் மெஷினும் ஒரு ஸ்டூலும் போட்டால் அந்த அறை நிரம்பிவிடும். சக்கரம் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். தேய்ந்த தூள் வெள்ளைச் சேறாகத் தொட்டியில் படியும். மெல்லிய, விலை அதிகமான லென்ஸ் வந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். சாயங்காலம் அந்தச் சேற்றை அள்ளிக் கொட்டுவதும் அவள் வேலைதான். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரல்கள் நீரில் ஊறிச் சுருங்கி, பல நாள் தண்ணீரில் கிடந்தவை போல இருக்கும்.

அந்த விரல்களோடுதான் அவள் கிட்டார் கற்றுக்கொண்டாள். கடையில் முன்பு வேலை பார்த்தவர் விட்டுவிட்டுப் போன பழைய கிட்டார் அது. மெல்லிய கம்பிகள் இரண்டும் அறுந்து போயிருந்தன. தடித்த நாலு கம்பிதான் மிச்சம். புதுக் கம்பி வாங்கிப் போடலாமே என்று நான் கேட்டதற்கு, "இருக்கறதையே இன்னும் கேட்டு முடிக்கலைடி" என்றாள்.

அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "நாலு கம்பியை வெச்சுக்கிட்டு நாள் முழுக்க டொய்ங் டொய்ங்னு. பக்கத்து வீட்ல குழந்தை அழுதாலாவது பால் கொடுத்து நிறுத்தலாம்" என்பாள்.

"நீயும் கேட்டுக் கேட்டுப் பழகிடுவேம்மா."

"எனக்கு எதுக்குடி அந்தத் தண்டனை?"

கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. அக்கா தன் பழைய செல்போனில் பாட்டைப் போட்டுக் காதருகே வைத்துக் கேட்பாள். அந்தப் போனின் ஸ்பீக்கர் கொசு கத்துவது போலத்தான் பாடும். பாடகர் குரல் கேட்கும், வயலின் கேட்கும். பாட்டுக்கு அடியில் கனத்த ஒலியாக ஓடும் பேஸ் மட்டும் ஒரு துளியும் கேட்காது. இது அவளுக்குத் தெரியவில்லை. பாட்டின் அடிப்பக்கத்தைக் காலியாகவே விட்டிருப்பார்கள், தடித்த கம்பி வாசிப்பவர் தனக்குத் தோன்றியதை அங்கே போட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைத்துவிட்டாள். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று மூன்று வருடம் நம்பினாள்.

ஊறிப்போன விரல் என்பதால் கம்பியை அழுத்திப் பிடித்தால் தோல் கிழிந்துவிடும். எனவே தொட்டதும் விட்டுவிடுவாள். ஒவ்வொரு ஒலியும் குட்டையாக, சொட்டுச் சொட்டாக விழும். நடுவில் நிறைய இடைவெளி. வலிக்கு இடம் கொடுக்க விட்ட இடைவெளிகள் அவை. ஆனால் கேட்பவருக்கு யாரோ நிதானமாக யோசித்து யோசித்துப் பேசுவது போல இருக்கும். அது அக்காவின் வாசிப்பு என்று கண்ணை மூடிக்கொண்டே நான் சொல்லிவிடுவேன்.

பாட்டுக் குழுவில் பேஸ் வாசித்தவர் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது, கண்ணாடி மாற்றக் கடைக்கு வந்து, அவள் வாசிப்பாள் என்று அங்கே கேள்விப்பட்ட குழுவின் டிரம்மர் மூலமாக அக்காவுக்கு அழைப்பு வந்தது. குழுவுக்குச் சொந்தமான பேஸ் கிட்டாரை அவளிடம் கொடுத்தார்கள். அதிலும் நாலு கம்பிதான். அவள் பழகிய அதே நாலு ஸ்வரம், ஒரு ஸ்தாயி கீழே. முதல் தடவை ஒரு கம்பியைத் தட்டியதும், தரையிலிருந்து கால் வழியாக ஏறிய அதிர்வில் அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். வேலை முடிந்து தனியாக அனுப்ப அம்மாவுக்குப் பயம் என்பதால் ஒத்திகைக்கு நானும் கூடப் போவேன்.

ஒத்திகை அறையைப் பற்றி எழுதவே கூசுகிறது. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு குழியிலும் கரப்பான் குடித்தனம். மழையில் நனைந்து காயாத கம்பளத்தில் பூஞ்சை. மைக்கின் பஞ்சில் பல பேருடைய எச்சில் நாற்றம். உள்ளே நுழைந்ததும் அக்காவுக்குத் தும்மல் வந்துவிடும். மூக்கைப் பிடித்து அடக்கிக்கொள்வாள்.

இந்த அறையில் லீடருடைய சட்டம் ஒரே ஒரு வார்த்தை: அப்படியே. ரெக்கார்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே. "கேக்கறவன் கண்ணை மூடினா சிடி ஓடுதுன்னு நினைக்கணும்" என்பார். முதல் பாட்டின் நடுவிலேயே கையைத் தூக்கி நிறுத்தினார்.

"ஏம்மா கண்ணாடி, இது ரெக்கார்டுல எங்க இருக்கு?"

கண்ணாடிக் கடை என்பதால் முதல் நாளே அவளுக்கு அந்தப் பட்டம்.

"ரெக்கார்டுல அடியில ஒண்ணும் இல்லையே சார்," என்றாள் அக்கா. "நாமதானே போடணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். கீபோர்டுக்காரர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். டிரம்மர் மட்டும் தன் பெரிய ஹெட்ஃபோனைக் கழற்றி அவள் தலையில் மாட்டி அதே பாட்டைப் போட்டார். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாட்டு முடியும்வரை எழவில்லை. அப்போதுதான் லீடர் என் பக்கம் திரும்பி, முதலில் எழுதினேனே, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அக்கா சொன்னாள்: "இவ்வளவு நாளா இன்னொருத்தர் வீட்ல புகுந்து ஃபர்னிச்சரை மாத்தி வெச்சிருக்கேன்டி."

அடுத்த இரண்டு மாதம் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு அவள் எல்லாவற்றையும் ரெக்கார்டு போலவே கற்றாள். விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு அழுத்தி வாசித்தாள். ஒரு பிழை இல்லை. லீடருக்குப் பரம திருப்தி. எனக்கு எரிச்சலாக வந்தது. கண்ணை மூடினால் உண்மையிலேயே சிடிதான் ஓடியது, அக்காவைக் காணோம்.

அப்புறம்தான் லீடருக்குச் சொந்தப் பாட்டு ஆசை பிடித்தது. மெட்டுப் போட்டார், வரிகளையும் எழுதினார். ஆனால் குழுவில் யாருக்கும் கை ஓடவில்லை. காப்பியடிக்க ரெக்கார்டு இல்லையே! கீபோர்டுக்காரர் தனக்குத் தெரிந்த நாலு பாட்டைக் கலந்து எதையோ வாசித்தார். சகிக்கவில்லை. கடைசியில் லீடர் இறங்கி வந்தார்.

"கண்ணாடி, முதல்ல ஒரு மாதிரி தப்புத் தப்பா வாசிச்சே இல்ல? அதே மாதிரி வாசி பார்ப்போம். அதைத் தங்கச்சி போன்ல எடுத்து எனக்கு அனுப்பட்டும், நான் கேட்டுப் பார்க்கறேன்."

சொல்லிவிட்டு யாருடனோ போனில் பேசத் தெருவுக்குப் போய்விட்டார்.

அக்கா பிளாஸ்திரியை உரித்துப் போட்டுவிட்டு வாசித்தாள். டிரம்மர் மெதுவாக உடன் சேர்ந்தார். செத்துக் கிடந்த பாட்டு எழுந்து உட்கார்ந்தது. நான் வீடியோ எடுத்தேன். இரண்டாவது சரணத்தில் அக்காவுக்குத் தும்மல் வந்தது. மீட்டுகிற கையால் மூக்கைப் பிடித்து அடக்கினாள், சத்தமே வரவில்லை. அந்த நேரத்தில் விழ வேண்டிய இரண்டு ஸ்வரங்கள், இரண்டு நோட்டுகள், விழவில்லை. உடனே பாட்டைப் பிடித்துக்கொண்டு முடித்தாள். வீடியோ பெரிதாக இருந்ததால் ஒலியை மட்டும் பிரித்து லீடருக்கு அனுப்பினேன். அனுப்பியது நான்தான். அந்தப் பட்டனை அழுத்திய என் விரலை நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

ஒரு மாதம் கழித்துப் பாட்டு வெளியானது. அக்காவைக் கூப்பிடவில்லை. ஸ்டூடியோவில் வேறொருவரை வாசிக்க வைத்திருந்தார்கள். இசை, பேஸ் அமைப்பு இரண்டும் லீடர் என்று போட்டிருந்தது. நானும் அக்காவும் ஒரே இயர்ஃபோனில் ஆளுக்கொரு காதாகக் கேட்டோம். அத்தனையும் அவளுடையது. குட்டைக் குட்டை ஒலிகள், அதே இடைவெளிகள். இரண்டாவது சரணம் வந்தது. அக்கா தும்மிய இடத்தில் இரண்டு நோட்டுகள் இல்லை.

அக்கா சிரித்துவிட்டாள். "அடப்பாவி, தும்மலையும் அப்படியே வாசிச்சிருக்கான்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சிரிப்பும் பாதியில் நின்றது. அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. "இவ்வளவு நாள்ல நான் போட்டேன்னு சொல்லிக்க எனக்கு இருந்தது இது ஒண்ணுதான்டி" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த ஒத்திகையில் லீடர் எல்லோரையும் வட்டமாக நிறுத்தினார். சனிக்கிழமை ஒரு கம்பெனி விழாவில் அந்தப் பாட்டைத்தான் முதலில் வாசிக்க வேண்டும்.

"இங்க கவனி கண்ணாடி. ரெண்டாவது சரணத்துல ரெண்டு நோட்டை வேணும்னே விட்டிருக்கேன், பார்த்தியா? பாட்டு அங்க மூச்சு விடுது. அதுதான் ஸ்டைல். மாத்தாம அப்படியே வாசி."

"அது மூச்சு இல்லை சார், மூக்கு. எனக்குத் தும்மல் வந்தது."

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் போனை எடுத்து வீடியோவைப் போட்டு நடுவில் நீட்டினேன். திரையில் அக்கா மூக்கைப் பிடித்தாள், இரண்டு நோட்டுகள் விடுபட்டன. லீடர் முழுதாகப் பார்த்தார். பிக் மறுபடியும் வாய்க்குள் போனது.

"சரி, நீ தும்மினதாவே இருக்கட்டும். அது அழகுன்னு கண்டுபிடிச்சது யாரு? நீ அடுத்த தடவை வாசிச்சிருந்தா அதைச் சரிபண்ணியிருப்பே. நான்தானே விட்டு வெச்சேன்?"

அவர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. அந்த ஒரு துளியை எடுத்து மிச்ச மூன்று நிமிடத்தின் மேலும் பூசிவிட்டார்.

அக்கா நிதானமாகத்தான் பேசினாள். "தும்மலை நீங்களே வெச்சுக்கோங்க சார். மத்தது நான் போட்டது. சனிக்கிழமை மேடையில அதை ஒரு வார்த்தை சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம், நான் வாசிக்கறேன்."

"லென்ஸ் தேய்க்கற பொண்ணு போட்டதுன்னு மேடையில சொல்லணுமா? ஊரே சிரிக்கும்மா. வாசிக்க ஒரு இடம் கிடைச்சிருக்கு, அதைக் கெடுத்துக்காதே."

அக்கா டிரம்மரைப் பார்த்தாள். அவள் வாசித்தபோது கூடவே வாசித்தவர் அவர். அவர் குனிந்து டிரம்மில் ஏற்கெனவே இறுகியிருந்த திருகை இன்னும் இறுக்கினார். கீபோர்டுக்காரர் சட்டைப் பொத்தானை எண்ணினார்.

அக்கா பேஸ் கிட்டாரைக் கழற்றினாள். கம்பிகளைத் துணியால் துடைத்தாள். ஆம்ப்ளிஃபயரின்மேல் சாய்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "வா, போலாம்" என்றாள். அவளுக்கு வேறு பேஸ் கிடையாது, கிடைக்க வழியும் இல்லை. அது தெரிந்துதான் கழற்றினாள்.

மறுநாள் அக்கா போனுக்கு டிரம்மரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "நீ செஞ்சதுதான் சரிம்மா." அதை நான் அழித்துவிட்டேன். யாரும் இல்லாத இடத்தில் வந்து சரி என்பவர்களைப் பார்த்தால் லீடரின் பிக்கே தேவலை என்று தோன்றுகிறது.

அந்தப் பாட்டு இப்போது டீக்கடையில் ஓடுகிறது, பஸ்ஸில் ஓடுகிறது. எங்கள் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூங்கவைக்கக்கூடப் போடுகிறார்கள். அம்மா ஒருநாள் ஜன்னலைச் சாத்திவிட்டு, "திருட்டுப்பய" என்று முணுமுணுத்தாள். அம்மா அந்த வாசிப்பை அடையாளம் கண்டுவிட்டாள் என்பதைக் கேட்டு அக்கா அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள்.

இதை எழுத அக்காவிடம் அனுமதி கேட்டேன். "எழுது. ஆனா நான் அழுதேன்னு எழுதிடாதே, எனக்குக் கோபம்தான் வந்தது" என்றாள். பழைய கிட்டாரின் நாலு கம்பிகளையும் தளர்த்திச் சுருதியை இறக்கி, தொளதொளவென்று அதிரவிட்டு, புதிதாக ஒன்றை வாசித்துக்கொண்டிருக்கிறாள். இதுவரை யாரும் அதைப் பதிவு செய்யவில்லை. நான் போனைத் தொடுவதில்லை.

இதைப் படிப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. எங்காவது ஒரு பாட்டின் இரண்டாவது சரணத்தில், அடியில் சொட்டுச் சொட்டாக விழும் பேஸ் இரண்டு நோட்டுகளுக்குச் சட்டென்று காணாமல் போனால், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்: கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் ஒரு பெண் போட்டது இது, இந்த இடத்தில் அவளுக்குத் தும்மல் வந்தது. நம்பாவிட்டால் இந்தக் கதையைக் கொடுங்கள். அவர்களும் இன்னொருவரிடம் சொல்லட்டும். மேடையில் சொல்லாததைப் பஸ்ஸிலும் டீக்கடையிலும் நாம் சொல்லிவிடலாம்.