தனிஸ்லாஸ் வாங்கிய ரெண்டு கதவு கார்

ஒருத்தன் உழவு மாடு வாங்கினால் ஊர் கேட்பதில்லை. வீட்டுக்கு மதில் வைத்தால் கேட்பதில்லை. மகள் காதுக்குத் தோடு வாங்கினாலும், பார்த்துவிட்டுத்தான் போகிறது. தனிஸ்லாஸ் ஒரு கார் வாங்கப் போகிறான் என்றதும்தான் வில்லியனூரில் ஆளாளுக்கு வாய் முளைத்தது. அதுவும் சொந்தக்காரர்களுக்கு ரெண்டு ரெண்டு வாய்.

செலியமேட்டில் கூலி வேலை செய்துவிட்டு, பெண் எடுத்த ஊர் என்று வில்லியனூர் மாதா கோயில் பக்கம் குடிவந்த செபாஸ்டினுக்கு ரெண்டு பையன்கள். மூத்தவர் பாஸ்கல். இளையவன்தான் தனிஸ்லாஸ். செபாஸ்டின் கண்ணை மூடிய பிறகு, ஆற்றோரம் அவர் வாங்கிப் போட்டிருந்த மேட்டு நிலத்தைச் செங்கல் சூளைக்காரன் கேட்டான். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் விற்றுச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாஸ்கல் தன் பாதியில் ஒரு ஜோடி மாடு பிடித்தார், மதிலும் வைத்தார். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தனிஸ்லாஸ் சின்ன வயதில் லாரியில் கிளீனராகப் போய் வண்டி பழகினவன். பிறகு ஊரில் ரைஸ்மில் வைத்திருந்தவருக்கு டிரைவர். பதினாறு வருஷம் அவருடைய அம்பாசடரை ஓட்டினான். ஓட்டினான் என்று சொல்வதே தப்பு, உருட்டினான் என்றுதான் சொல்ல வேண்டும். முதலாளிக்கு வேகம் ஆகாது. நாலாவது கியருக்குப் போனால் பின்சீட்டிலிருந்து துண்டு வந்து அவன் தோளில் விழும். "மெதுவா போடா, வயித்துல சோறு குலுங்குது" என்பார். வெறும் சாலையிலும் மாட்டு வண்டிக்குப் பின்னாலேயே போகச் சொல்வார். நல்ல குதிரையைக் கட்டுத்தறியிலேயே கட்டி வைத்தால் அதற்கு எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்தது அவனுக்கு.

அந்தச் சமயத்தில் பாண்டிச்சேரி டவுனில் முதலாளிக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் கீழே விழுந்து கையை உடைத்துக்கொண்டார். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அவருக்குக் கார் ஓட்ட முதலாளி தனிஸ்லாஸை அனுப்பினார். டாக்டரிடம் இருந்தது ஒரு ஹெரால்டு. ரெண்டே கதவு, தாழ்வான சீட்டு, தரையிலிருந்து கைக்கு வாகாக எழும்பி நிற்கிற சின்ன கியர். முதல் நாள் அரியூர் போகிற வழியில் ஏரிக்கரை வளைவு வந்தது. மில் காராக இருந்தால் ஸ்டேரிங்கைத் திருப்பிவிட்டு, அது எப்போது கேட்கும் என்று காத்திருக்க வேண்டும். இது அப்படி இல்லை, கை நினைத்ததும் கார் செய்துவிட்டது. வளைவு முடிந்ததும் காலை அழுத்தினான். முதுகு சீட்டில் ஒட்டியது. பின்னாலிருந்து துண்டு வரவில்லை. பக்கத்துச் சீட்டில் இருந்த டாக்டர் சிரித்தார்.

"பிடிச்சிருக்கா தனிஸ்லாஸ்?"

பதினாறு வருஷத்தில் அவனை யாரும் கேட்காத கேள்வி அது.

எழுபத்தி நாலில் அந்த டாக்டர் பிரான்சில் இருக்கிற மகனிடம் போய்த் தங்குவதாக முடிவு செய்து, காரை விற்கப் போவதாகச் சொல்லி அனுப்பினார். தனிஸ்லாஸின் கைக்கு எட்டுகிற விலை. பெட்ரோல் விலை எகிறிக் கிடந்த நேரத்தில் குறைச்சலாகக் குடிக்கிற வண்டி. இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் ஆரோக்கியத்துக்கு வேறு கணக்கு. ஆரோக்கியம், தனிஸ்லாஸின் பெண்சாதி எலிசாவுக்கு அண்ணன். மில் முதலாளி தம்முடைய பழைய அம்பாசடரைத் தள்ளிவிட ஆள் தேடுவது அவருக்குத் தெரியும். ஒரு நாள் சாயங்காலம் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டார்.

"மாப்ள, அது இன்னா காரு? சோப்பு டப்பா மாதிரி! பொம்பளைங்க சீட்ட மடக்கி, குனிஞ்சி, பூனையாட்டம் பூந்து போவணுமா? மொதலாளி வண்டிய எடு. கல்யாணம் காட்சின்னா வாடகைக்கு வுடலாம். நம்ம சனம் மொத்தமும் ஏறும்."

"வாடகைக்கு வுட நான் வாங்கல மச்சான். நான் ஓட்டறதுக்கு வாங்கறன்."

"ஓட்டறதா? அதத்தான் தெனம் ஓட்டறியே!"

இதே பேச்சை முதலாளியும் பேசினார், இன்னும் கேவலமாக. "டிரைவருக்கு எதுக்குடா ஓட்டறதுக்குன்னு ஒரு காரு?" என்று மில் வாசலில் நின்று, மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் கேட்கிற மாதிரிச் சிரித்தார். சமைத்துப் போடுகிறவளுக்குப் பசிக்காதா? அவள் தனக்கென்று ஒரு வாய் சோறு வடித்தால் சிரிப்பார்களா? தனிஸ்லாஸ் அங்கிருந்து கிளம்பினான். வீட்டுக்கு வந்து தண்ணீர்க் குடத்தை நங்கென்று வைத்தான்.

எலிசாவும் அவன் பக்கம் இல்லை. "ஊரே சிரிக்குது. எங்க அண்ணன் சொல்றத கேட்டா இன்னா?" என்றாள்.

டாக்டர் நல்ல மனுஷர். "ஞாயித்துக்கிழமை கார எடுத்துட்டுப் போ, வீட்டுல எல்லாருக்கும் காட்டு, பிறகு சொல்லு" என்று சாவியைக் கொடுத்தார். அங்கேதான் வந்தது வினை. பூசை முடிந்து வந்து பார்த்தால், பெண் பார்க்கப் போகிற மாதிரிச் சனம் கூடி நிற்கிறது. பாஸ்கல், அவர் பெண்சாதி, ஆரோக்கியம், எலிசா, செபாஸ்டினின் தங்கச்சி அந்தோணி மேரி அத்தை, போதாததற்குப் பாஸ்கலின் கடைசி ரெண்டு பிள்ளைகள். அத்தை முன்சீட்டில் ஒரு பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். மற்றவர்கள் பின்னால் ஒருத்தர்மேல் ஒருத்தராகத் திணித்துக்கொண்டார்கள்.

"இழுக்குதான்னு பாக்கணும்ல" என்றார் ஆரோக்கியம், எலிசாவின் தோளுக்கு மேலிருந்து.

கார் இழுத்தது, பாவம். டயர் அமுங்கி, வாய் பேசாத ஜீவன் மாதிரி ஆரியப்பாளையம் வரைக்கும் வந்தது. ஆற்றுப் பாலத்துக்கு ஏறுகிற மேட்டில் முனகியது. தனிஸ்லாஸ் ரெண்டாவது கியருக்கு இறக்கினான், பிறகு ஒன்றுக்கு.

"பாத்தியா, பாத்தியா!" ஆரோக்கியத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நோஞ்சான் வண்டிபா இது!"

"தனிஸு, இத குடுத்துட்டு வந்துடு. அப்பன் நெலத்துக் காசு, அதுல எங்களுக்கும் ஒரு சொல்லு இருக்குது" என்றார் பாஸ்கல்.

தனிஸ்லாஸ் ஓரம் கட்டினான். கைபிரேக்கை இழுத்தான். கதவைத் திறந்து இறங்கி, தன் சீட்டை முன்னுக்கு மடக்கினான்.

"எல்லாரும் எறங்குங்க."

தள்ளத்தான் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொருத்தராக இறங்கினார்கள். அத்தை கடைசியாக முனகிக்கொண்டே இறங்கினாள்.

"அண்ணே," என்றான் தனிஸ்லாஸ். "நீ மாடு புடிச்சியே, நான் வந்து அந்த மாட்டு மேல குடும்பத்தோட ஏறி உக்காந்து பாத்தனா? மச்சான், நீ சைக்கிள் வாங்கனப்ப எட்டு பேர ஏத்திப் பாத்தியா? பதினாறு வருஷம் அடுத்தவன் சொன்ன எடத்துக்கு, அடுத்தவன் சொன்ன வேகத்துல போனன். எனக்குன்னு ஒண்ணு வாங்கறப்ப மட்டும் உங்க எல்லாரயும் நான் சொமக்கணுமா?"

அவன் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினான்.

அதே மேடுதான், அதே கார்தான். ஒற்றை ஆளோடு பாலத்தில் ஏறியபோது ஆற்றுக் காற்று ஜன்னல் வழியாக அடித்தது. மூன்று, நாலு என்று கியர் விழுந்தது. மூலக்குளம் வரைக்கும் போனான். அங்கே ரோட்டிலேயே ஒரே ஒடிப்பில் காரைத் திருப்பினான்.

திரும்பி வந்தபோது அவர்கள் வில்லியனூரைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தார்கள். உச்சி வெயில். பாஸ்கல் முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த வழியாக வந்த மாட்டு வண்டியொன்று அத்தையையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனது. தனிஸ்லாஸ் எலிசாவின் பக்கத்தில் நிறுத்தி, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான். அவள் காரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், காறித் துப்பாத குறையாக நடையைக் கட்டினாள்.

வீட்டுக்கு வந்தவள் அடுப்பு மூட்டவில்லை. செருப்பு வார் அறுந்து, பாதம் வெந்து சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கிருந்த கோபமெல்லாம் கரைந்துபோனது. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான்.

"தப்புதான் எலிசா. கார சாயங்காலம் கொண்டுபோய் குடுத்துடறன்."

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"குடுத்துடுவியா? யோவ், நடுரோட்டுல என்னய எறக்கி வுட்ட. எங்க அண்ணன் வழி பூரா உன்ன வண்ட வண்டயா திட்னாரு, நான் கேட்டுக்கினே நடந்தன். உங்க அண்ணன் பொண்டாட்டி என்னய பாத்து சிரிச்சிச்சு, அதையும் பாத்துக்கினு நடந்தன். இப்ப கார குடுத்துட்டு வந்து நின்னன்னா, நான் நடந்ததுக்கு இன்னாயா அர்த்தம்?"

தனிஸ்லாஸ் குனிந்து வாளியை அவள் காலருகே நகர்த்தினான்.

"போ, போய் காச கட்டு. இனிமே எவனாவது ஏறட்டும், பாத்துக்கறன் நான்."

சாயங்காலம் ஆவதற்குள் அவன் போய்க் காசைக் கட்டினான். பாஸ்கலின் மூத்த மகள் கல்யாணத்துக்கு, விலைபோகாமல் நின்ற மில் காரைத்தான் வாடகைக்குப் பிடித்தார்கள். தனிஸ்லாஸும் எலிசாவும் அந்தக் கல்யாணத்துக்கு ஹெரால்டில் போனார்கள், ரெண்டு பேர் மட்டும். வழியில் அம்பாசடரை முந்தும்போது எலிசா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.